ஐந்து வாரங்களில் கிளம்புகிறேன்: நண்பர்களிடம் எப்படி விடைபெறுவது?

கூடுவிடும்பறவை

ஆறு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு இன்னும் ஐந்து வாரங்களில் நாடு திரும்புகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வேலையில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். வீட்டைக் காலி செய்யும் தேதியும் முடிவாகிவிட்டது. செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறேன். "நண்பர்களிடம் சொல்ல வேண்டும்" என்ற வரிக்கு வரும்போது மட்டும் பேனா நின்றுவிடுகிறது.

மூன்று பேரைப் பற்றித்தான் என் கவலையெல்லாம். முதலாமவள் நான் படிக்க வந்த நாளிலிருந்து உடன் இருப்பவள், இந்த நாட்டுக்காரி. நான் காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் இரவில் என் அறைத் தரையில் படுத்துக்கொண்டவள். இரண்டாமவர் அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர். அவரும் என்னைப்போல வேறொரு நாட்டிலிருந்து வந்தவர். விசா புதுப்பிக்கும் காலம் வந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கலங்கும். மூன்றாமவர் கீழ்த்தளத்தில் தனியாக வசிக்கும் அம்மையார். எழுபது வயதைக் கடந்தவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இந்த நாட்டு மொழியை எனக்குக் கற்றுக்கொடுத்தது வகுப்பு அல்ல, அவர்தான். வியாழக்கிழமை மாலைகளில் என்னைச் செய்தித்தாள் வாசிக்கச் சொல்வார். தவறாக உச்சரித்தால் விரலால் மேசையைத் தட்டுவார். திருத்திச் சொல்லும்வரை அடுத்த சொல்லுக்குப் போக விடமாட்டார்.

இவர்களைத் தவிர இருபது, முப்பது பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே நாளில் அழைத்து விருந்து வைத்துச் சொல்லிவிடலாமா? கடைசி வாரத்தில் சொன்னால் போதுமா? இப்போதே சொன்னால் மிச்சமிருக்கும் ஐந்து வாரமும் அழுகையிலேயே கழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அம்மையாரிடம் எதையுமே சொல்லவில்லை. நேற்றும் வியாழக்கிழமைதான். வாசித்துவிட்டு வந்துவிட்டேன்.

சாளரம்

நான் சொல்லாமல் கிளம்பியவன். அதனால் முதல் ஆளாகப் பதில் எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் ஒரு நண்பனோடு இருந்தேன். அவன் வேலையாக வெளியூர் போகும் வாரம் எனக்கு முன்கூட்டியே தெரியும். அந்த வாரத்திலேயே என் பயணத் தேதியை வைத்துக்கொண்டேன். தேதி அப்படி அமைந்துவிட்டது என்று அவனிடம் சொன்னேன். அது உண்மை அல்ல. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்க என்னால் முடியாது என்று தோன்றியது. சாவியை மேசைமேல் வைத்து, பக்கத்தில் நான்கு வரி எழுதிய தாளை வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் அவனிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. பிறகு ஒரே ஒரு வரி வந்தது: "நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?"

என் வலியைத் தவிர்த்துக்கொண்டதாக நினைத்திருந்தேன். அதை அவன் தலையில் இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது. இல்லை என்று பதில் எழுதினேன். ஆனால் தேதி விஷயத்தை எழுதவில்லை. ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

தோழி, தயவுசெய்து சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நெடுவழி

மூன்று நாடுகளில் வாழ்ந்து மூன்று முறை மூட்டை கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா. விருந்து வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது பேர் வருகிறார்கள், மூன்று மணி நேரம் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்திலும் பாதி புகைப்படத்துக்குப் போய்விடும். விருந்து கொடுப்பவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். யாரிடம் பேச வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்திருந்தாரோ அவர் ஒரு மூலையில் அறிமுகமே இல்லாத ஒருவரோடு நின்றுகொண்டிருப்பார். என் முதல் கிளம்பலில் இதுதான் நடந்தது. படங்கள் எல்லாம் இருக்கின்றன. அன்று யாரிடம் என்ன பேசினேன் என்பது நினைவில் இல்லை.

இரண்டாம் முறை வேறு வழியில் போனேன். ஒவ்வொருவரோடும் வழக்கமாக என்ன செய்வேனோ, அதையே கடைசியாக ஒரு முறை செய்வது என்று முடிவெடுத்தேன். நடக்கப் போகும் நண்பரோடு நடந்தேன். நூலகத்தில் எதிர் எதிரே உட்கார்ந்து பேசாமல் படிக்கும் வழக்கம் ஒருவரோடு இருந்தது; அவரோடு அப்படியே ஒரு பிற்பகல். சைக்கிள் பழுதுபார்ப்பதில் பைத்தியமாக இருந்த ஒரு நண்பர் இருந்தார். என் சைக்கிளை அடுத்து வரும் மாணவர் ஒருவருக்குக் கொடுக்க இருந்தேன். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டுவதே எங்கள் கடைசி மாலை ஆயிற்று. அதிகம் பேசவில்லை. ஸ்பேனரை நீட்டுவார், வாங்கிக்கொள்வேன். இருட்டிய பிறகு இருவர் கையிலும் கிரீஸ். கைகுலுக்க முடியாமல் முழங்கையை முழங்கையால் தொட்டுக்கொண்டோம். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் சைக்கிள் சங்கிலி எண்ணெய் வாசம் பட்டால் அந்த மாலைக்குள் போய் நிற்கிறேன்.

உங்கள் அம்மையாரிடம் தனியாக ஒரு நாள் கேட்காதீர்கள். வியாழக்கிழமை போதும். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏட்டுச்சுவடி

நெடுவழி ஐயாவின் கருத்தில் பாதியை ஏற்கிறேன். மீதியில் எனக்கு மாறுபாடு உண்டு.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் நட்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஆராய்ந்தார். புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களையும் வைத்துப் பார்த்த ஆய்வு அது, 2018இல் வெளிவந்தது. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சேர்ந்து கழிக்கும் நேரம் சுமார் 50 மணி. நண்பர் என்று சொல்லிக்கொள்ள சுமார் 90 மணி. நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். யாரையும் தெரியாத ஊரில் ஒருவர் நமக்கு 200 மணி நேரத்தைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஆறு நிமிடம் போதாது என்பதில் ஐயா சொல்வது முழுக்கச் சரி.

ஆனால் 50 மணிக்காரர்கள் இருக்கிறார்களே? மாடிப்படியில் வணக்கம் சொல்பவர், அடுத்த பிரிவில் வேலை செய்பவர், விளையாட்டில் மட்டும் சந்திப்பவர். இவர்களோடு தனித்தனியே ஒரு மாலை கழித்தால் இரு பக்கமும் சங்கடம். இவர்களுக்காகத்தான் விருந்து. எளிமையாக ஓர் இரண்டு மணி நேரம், ஒரு திறந்த வெளியில், வருபவர் வரட்டும் போகிறவர் போகட்டும் என்று வைத்தால் போதும். அதைக் கடைசி நாளில் வைக்க வேண்டாம்; பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். கடைசி வாரம் நெருங்கியவர்களுக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிளம்பும் தேதி நெருங்கும்போது புதிய அழைப்புகளைத் தவிர்த்துவிட்டு மூன்று நான்கு பேரோடு மட்டும் இருக்க மனம் விரும்பும். அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். பார்பரா ஃபிரெட்ரிக்சனும் லாரா கார்ஸ்டென்சனும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், விரைவில் தனியாகத் தொலைதூரம் குடிபெயரப் போவதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னபோது, இளைஞர்களும் முதியவர்களைப்போலவே புது முகங்களை விட்டுவிட்டுப் பழகியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நேரம் குறைகிறது என்று தெரிந்தால் மனிதர் எல்லோரும் அப்படித்தான் ஒடுங்கி வருகிறோம்.

இங்கேயேஇருப்பவள்

இந்த இழையில் எல்லோரும் கிளம்புபவர்களாகவே பேசுகிறீர்கள். நான் கிளம்பாதவள். பதினான்கு ஆண்டுகளாக ஒரே வெளிநாட்டு நகரத்தில் இருக்கிறேன். இங்கே வந்து நட்பாகிப் பிறகு கிளம்பிப் போன பதினோரு பேரை வழியனுப்பியிருக்கிறேன். விமான நிலையத்தின் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றால் உள்ளே போகிறவரைக் கடைசிவரை பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

போகிறவருக்கு எல்லாமே மாறுகிறது. புதிய வீடு, புதிய வேலை, பார்க்காமல் இருந்த உறவுகள். இருப்பவருக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. ஓர் ஆள் மட்டும் இல்லை. அதே பஸ், அதே நிறுத்தம். ஆறு மணிக்கு "கிளம்பிவிட்டாயா" என்று கேட்டு வரும் செய்தி மட்டும் வராது. முதல் மாதம் கைப்பேசியை ஆறு மணிக்கு எடுத்துப் பார்ப்பேன். பழக்கம்.

அதனால் இருப்பவர்கள் சார்பில் சிலவற்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முடிவெடுத்தவுடன் எங்களிடம் சொல்லுங்கள். வேறு யார் வாயாலும் எங்கள் காதுக்கு வரக் கூடாது. என் நெருங்கிய தோழி ஒருத்தி கிளம்பும் செய்தியை, அவள் அறைக்கலன்களை விற்பதாகப் போட்டிருந்த விளம்பரத்தில்தான் தெரிந்துகொண்டேன். அந்த மேசையில் நாங்கள் இருவரும் எத்தனையோ இரவுகள் உட்கார்ந்திருக்கிறோம். மேசையின் படத்தை வைத்து அடையாளம் கண்டேன். ஐந்து வாரம் அழுகையாகப் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். போகாது. முதல் நாள் அழுவோம். இரண்டாம் நாள் என்னென்ன செய்யலாம் என்று திட்டம் போடுவோம். அந்த ஐந்து வாரம் எங்களுடையதும்தான். அதை எங்களிடமிருந்து மறைக்காதீர்கள்.

பெட்டியில் இடமில்லாத எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள். விளக்கு, கம்பளம், பாதி தீர்ந்த சலவைத்தூள், வாடிய செடி. அன்பினால்தான் கொடுக்கிறீர்கள், தெரியும். ஆனால் அடுத்த ஓர் ஆண்டு அவற்றின் நடுவே நடமாடப் போவது நாங்கள். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, ஏன் அதை எனக்குக் கொடுக்கிறீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். ஒருவர் எனக்குத் தம் வீட்டுக் கதவில் தொங்கிய சிறு மணியைக் கொடுத்தார். "நீ வரும்போதெல்லாம் இது அடித்தது" என்றார். இன்று என் கதவில் இருக்கிறது.

"தினமும் பேசுவோம்" என்று சொல்லாதீர்கள். முடியாததைச் சொல்லிவிட்டுப் போனால், பேசாத ஒவ்வொரு நாளும் எங்களுக்கு ஒரு ஏமாற்றம். மாதம் ஒரு முறை முடியும் என்றால் மாதம் ஒரு முறை என்று சொல்லுங்கள்.

இனி சொல்வதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, ஆனால் எனக்கு இதுதான் மிகவும் உதவியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய தோழி ஒருத்தி, போகும் முன் தன் இன்னொரு நண்பரை எனக்கு அறிமுகப்படுத்திவிட்டுப் போனாள். அதுவரை நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பெயரால் மட்டுமே அறிவோம். "நான் போனபின் நீங்கள் இருவரும் ஒரே ஆளைத்தான் தேடுவீர்கள், சேர்ந்து தேடுங்கள்" என்றாள். இன்றுவரை மாதம் இரு முறை சந்திக்கிறோம். தோழி, உங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் அறிவார்களா?

கூடுவிடும்பறவை

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். ஆறு ஆண்டுகளில் அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று மாலை தோழியைப் பார்க்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

பெட்டிகட்டி

நான் நடைமுறை விஷயங்களைச் சொல்கிறேன். நட்புக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். என் கடைசி மாலையை ஓர் அலுவலக வரிசையில் நின்று கழித்தவன் நான். கையெழுத்து ஒன்று விடுபட்டிருந்தது. நண்பர்கள் நால்வர் என் காலி வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது விமானத்துக்கு நேரமாகிவிட்டது. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்ததுதான் எங்கள் விடைபெறல்.

ஆகவே காகித வேலை எல்லாவற்றையும் கிளம்பும் தேதிக்குப் பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். பட்டச் சான்று, பணி அனுபவக் கடிதம், வரி ஆவணம், மருத்துவ, தடுப்பூசிப் பதிவுகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். சான்றிதழை நாடு திரும்பிக் காட்ட வேண்டியிருந்தால் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வேறு நாட்டுக்கு உறுதிசெய்யும் சான்று, அங்கேயே வாங்கிவிடுங்கள். 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் அந்த ஒரு சான்று போதும், ஆனால் ஆவணத்தை வழங்கிய நாடுதான் அதைத் தர முடியும். ஊருக்குப் போன பிறகு அதற்காக நண்பர்களை அலையவைப்பது அவர்களுக்குப் பெரும் சுமை.

தொலைபேசி எண்ணை உடனே விட்டுவிடாதீர்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாம் அதற்குத்தான் வரும். கைவிடப்பட்ட எண்ணை நிறுவனம் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்; உங்கள் நண்பர் பிறந்தநாள் வாழ்த்தை யாரோ ஒருவருக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது, அதன் வழியாக மாற்றினால் குழுக்கள் அப்படியே இருக்கும், வேண்டியவர்களுக்குத் தகவலும் போகும். அதைச் செய்யாமல் பழைய கணக்கை அப்படியே போட்டுவைத்தால் 120 நாள் பயன்பாடின்மைக்குப் பிறகு பொதுவாக நீக்கிவிடுகிறார்கள்.

பெட்டியில் ஐந்து கிலோ இடம் காலியாக விட்டுவிட்டு மற்றதைக் கட்டுங்கள். பல விமானங்களில் சாதாரண வகுப்பில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். கடைசி நாளில் பரிசு வரும், வராமல் இருக்காது. எனக்கு ஒரு நண்பரின் மகள், நீர் நிரம்பிய கண்ணாடி உருண்டை ஒன்றைக் கொடுத்தாள்; குலுக்கினால் உள்ளே பனி பொழியும். கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தேன். 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் போகக் கூடாது என்ற விதியில் அதுவும் அடங்கும் என்று எனக்குத் தெரியாது. பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தையிடம் இன்றுவரை சொல்லவில்லை. அனுப்பும் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருந்தால் இப்போது என் அலமாரியில் இருந்திருக்கும். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இருகரை

குழந்தைகளோடு கிளம்பியவர் யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

நாடு விட்டு நாடு மாறும் குடும்பங்களோடு பல ஆண்டுகள் பணியாற்றிய டேவிட் பொலக், விடைபெறுவதை நான்கு படிகளாகச் சொன்னார். மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்வது, நன்றியைச் சொல்வது, விடைபெறுவது, போகும் இடத்தை எண்ணுவது. ஆங்கிலத்தில் நான்கின் முதலெழுத்தையும் சேர்த்தால் "தெப்பம்" என்று பொருள் தரும் சொல் வரும். இதில் முதல் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறோம்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது நெருங்கிய நண்பர் ஒருவரோடு எனக்குச் சண்டை வந்தது. காரணம் அற்பம்; காரைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானது. எட்டு ஆண்டுகளில் வராத சண்டை. கோபத்தோடு போனால் பிரிவது சுலபம் என்று உள்ளுக்குள் எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்க வேண்டும். நல்லவேளை, அவர் மனைவி எங்களை ஓர் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். உங்களுக்கும் இந்த வாரங்களில் யாரோடாவது காரணமில்லாமல் எரிச்சல் வந்தால், கொஞ்சம் நின்று அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. விமானத்தில் ஏறும்வரை உற்சாகமாக இருந்தான். பெரியவர்களுக்குள்ள நேரத்தை அவனுக்கும் கொடுக்க வேண்டும் என்று என் மனைவிதான் சொன்னார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவன் நண்பர்கள் ஒவ்வொருவரும் தம் கையெழுத்தில் ஒரு பக்கம் நிரப்பினார்கள். அவன் ஏறி விளையாடிய மரத்திடமும் போனோம். மரத்தின் அடியில் ஐந்து நிமிடம் நின்றான். என்ன சொன்னான் என்று நாங்கள் கேட்கவில்லை.

சாளரம்

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவருக்கு எழுதினால் அது அவரைத் தொந்தரவு செய்வதாகுமா? இருகரை சொன்ன அந்த முதல் படியைப் படித்ததிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நெடுவழி

எழுதுங்கள் தம்பி. தேதி விஷயத்தையும் எழுதுங்கள். அதை விட்டுவிட்டு எழுதினால் மறுபடியும் அந்த நான்கு வரித் தாள்தான்.

மறுவாசல்

நான் திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விடைபெறுவதோடு விஷயம் முடிந்துவிடுவதாக இழை போகிறது. அதற்குப் பின்னால் வருவதையும் எழுதிவைக்கிறேன்.

வெளிநாடு போகும்போது மனம் தடுமாறும் என்பதை எல்லோரும் அறிவோம். திரும்பி வந்த பிறகும் அதே இறக்கம் ஒரு முறை வருகிறது என்று 1963இல் ஜான் கலஹார்ன், ஜீன் கலஹார்ன் தம்பதியர் எழுதினார்கள். போனபோது ஒரு பள்ளம், திரும்பியபோது ஒரு பள்ளம் என்று மனநிலையைக் கோடாக வரைந்தால் ஆங்கில "டபிள்யூ" எழுத்தைப்போல வரும் என்பது அவர்கள் கருத்து. எனக்கு அந்த இரண்டாம் பள்ளம் மூன்றாம் மாதத்தில் வந்தது. சொந்த நாட்டில், சொந்த மொழியில், எல்லோரும் சூழ்ந்திருக்கும்போது தனியாக இருப்பதாக உணர்ந்தேன். "எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். இரண்டு வாக்கியத்துக்குள் பதிலை எதிர்பார்ப்பார்கள். ஐந்து ஆண்டுகளை இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், பாசல் நகரில் எழுதிய ஆய்வேட்டில், வீட்டை விட்டுப் பிரிந்தவர்களின் ஏக்க நோய்க்குக் கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்து "நாஸ்டால்ஜியா" என்று பெயர் வைத்தார். திரும்புதல் ஒரு சொல், வலி மற்றொன்று. வீடு திரும்பினால் நோய் தீரும் என்பது அன்றைய நம்பிக்கை. வீடு திரும்பியதால் வந்த ஏக்கத்துக்கு என்ன மருந்து என்று நான் பல இரவு யோசித்திருக்கிறேன்.

தொடர்பைப் பற்றி: முதல் மாதம் தினமும் செய்திகள். மூன்றாம் மாதம் வாரத்துக்கு ஒன்று. ஆறாம் மாதத்தில் குழுவே அமைதியாகிவிட்டது. அவர்கள் சந்திக்கும் மாலையில் எனக்கு அதிகாலை மூன்று மணி. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறார்கள், எங்களிடம் அந்த வழக்கம் இல்லை; அந்த வாரத்தில் எங்கள் அழைப்பு தவறிப்போய் இருவரும் மாறி மாறிக் காத்திருந்தோம். நிலைத்தது குழு அல்ல. ஒரு நண்பர் மட்டும் வேலைக்கு நடந்து போகும்போது எனக்கு ஒலிச் செய்தி பதிவு செய்து அனுப்புவார். பத்து நிமிடம், பேச்சுக்குப் பின்னால் அந்தத் தெருவின் சத்தம் முழுவதும் கேட்கும். நான் இரவில் கேட்டுவிட்டுப் பதில் அனுப்புவேன். நேரம் பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு ஆண்டுகளில் ஒரு வாரம்கூட அது நின்றதில்லை.

இங்கேயேஇருப்பவள் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு தயக்கம். முடியாததைச் சொல்லக் கூடாது என்கிறீர்கள். ஆனால் "போய்வருகிறேன்" என்று சொல்லியே பழகிய வாய்க்கு, வராமல் போகும் பயணத்தில் வேறு எந்தச் சொல் வரும்? நான் அதைத்தான் சொன்னேன். அவர்கள் மொழியில் அதற்கு இணையான சொல் இல்லாததால் தமிழிலேயே சொல்லி, பொருளையும் சொன்னேன்.

ஏட்டுச்சுவடி

கலஹார்ன் தம்பதியரின் கோட்டைப் பற்றி ஒரு சொல். எல்லோருக்கும் அந்த வரிசையில்தான் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்வந்த ஆய்வுகள் பலவற்றில் அந்த வடிவம் அப்படியே பொருந்தவில்லை. பள்ளமே வராதவர்களும் உண்டு. பள்ளம் வந்தால் தம்மிடம் ஏதோ கோளாறு என்று எண்ணாமல் இருக்க அந்தக் கோடு உதவும். மறுவாசல் எழுதியதைக் கிளம்புகிறவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

இங்கேயேஇருப்பவள்

மறுவாசல், "போய்வருகிறேன்" என்று என்னிடம் சொன்ன பதினோரு பேரில் இருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மற்ற ஒன்பது பேர் சொன்னதையும் நான் பொய்யாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லை மட்டும் என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

கூடுவிடும்பறவை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தோழியிடம் அன்று மாலையே சொன்னேன். கோபப்பட்டாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தாள், அதில் நாங்கள் போகலாம் போகலாம் என்று சொல்லிப் போகாமலே இருந்த ஒன்பது இடங்கள். இதுவரை ஐந்து முடிந்துவிட்டன. மேசைக்காரரிடம் சொன்னபோது அவர் வாழ்த்திவிட்டுத் திரும்பிக்கொண்டார். மாலையில் வந்து, "அடுத்த விசாவுக்கு நான் தனியாகவா நிற்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். எளிய விருந்து ஒன்றையும் பூங்காவில் வைத்து முடித்துவிட்டேன். அதில் மேசைக்காரரையும் தோழியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

அம்மையாரிடம் வியாழக்கிழமை போனேன். செய்தித்தாளை வாசித்து முடித்துவிட்டு, வீட்டில் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் விரலால் மேசையைத் தட்டினார். நான் திகைத்துவிட்டேன். இந்த மொழியில் சிறிது நேரத்துக்கு வெளியே போவதற்கு ஒரு வினைச்சொல்லும், ஓர் இடத்தை விட்டே போவதற்கு வேறு ஒரு வினைச்சொல்லும் உண்டு. நான் முதல் சொல்லைப் பயன்படுத்தியிருந்தேன். சரியான சொல்லைச் சொல்லிக் கொடுத்தார். திருப்பிச் சொல்லச் சொன்னார். சொல்ல முடியவில்லை. அவர் காத்திருந்தார். மூன்றாம் முறை சொன்னேன்.

அவருக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே தெரியும். அட்டைப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றும் சத்தம் கேட்டிருக்கிறது. "நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன்" என்றார். அக்கா, நீங்கள் சொன்னது சரி, அந்த இரண்டு வாரத்தை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை தோழியையும் அழைத்துக்கொண்டு போனேன்.

சாளரம்

எழுதிவிட்டேன். தேதியையும் சேர்த்து. பதில் வரவில்லை. நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

கூடுவிடும்பறவை

வந்து சேர்ந்து பதினாறு நாள் ஆகிறது. ஓடுபாதையில் விமானம் நின்றவுடன் தோழிக்கும் மேசைக்காரருக்கும் "சேர்ந்துவிட்டேன்" என்று அனுப்பினேன். பெட்டிகட்டி அவர்களே, ஐந்து கிலோ இடம் காலியாக விட்டிருந்தேன், போதவில்லை.

அம்மையாரிடம் கைப்பேசி கிடையாது. அதனால் அவருக்கு மட்டும் முதல் நாளே கடிதம் ஒன்று எழுதி, அதைப் படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். அவள் அச்செடுத்து வியாழக்கிழமை கொண்டுபோய் அவர் எதிரில் உட்கார்ந்து வாசித்திருக்கிறாள். இன்று காலை அந்தத் தாளின் படம் திரும்பி வந்தது. இரண்டு இடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே சரியான எழுத்தை எழுதியிருக்கிறார். கீழே, அடுத்த கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி ஒரு வரி.